பனியிலும் ஒரு பனை
தோட்டக் கேள்வி-பதில்: இடக்கொச்சியிலிருந்து

கே: இடக்கொச்சியில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு குளிர்ப்பிரதேசத் தோட்டத்துக்கு யோசனை சொல்கிறீரே, இது நியாயமா?
வாசகர், கோத்தகிரி

ப: ஃபேன் ஓடவில்லை, கரண்ட் போய் அரை மணி ஆகிறது. நியாயத்துக்கு வருவோம். குளிர்தேசத்தில் பிறந்து, கொச்சிக்கு வந்து கவர்னராக உட்கார்ந்த டச்சுக்காரர் வான் ரீட், நம் செடிகொடிகளைப் பற்றி 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' என்று 12 பாகம் போட்டார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்தது. முதல் பாகத்தில் முதல் மரமே நம் தென்னைதான். மூலிகை விவரங்களைச் சொல்லிக்கொடுத்தவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர்; அட்டையில் பெயர் யாருக்குப் போயிற்று என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குளிரில் பிறந்தவர் நம் வெயில் மரத்தைப் பற்றி எழுதினார். வெயிலில் வேகிற நான் குளிர் மரத்தைப் பற்றி எழுதுகிறேன். முந்நூறு வருஷக் கடன், வட்டியில்லாமல் அடைகிறது.

கே: பனி கொட்டுகிற இடத்தில் பனைமரம் நிற்கும் என்பதெல்லாம் யூடியூப் கதைதானே?
வாசகி, திண்டுக்கல்

ப: யூடியூபுக்கு முன்பே நின்றுகொண்டிருக்கிறது அம்மா. உத்தராகண்டில் பித்தோராகர் பக்கம் தால்கேதார் என்றொரு மலை. கடல்மட்டத்துக்கு 2000 மீட்டருக்கு மேலே, குளிர்காலத்தில் பனி விழுகிற சரிவுகளில், தேவதாரு வகையறாக்கள் நிற்க வேண்டிய இடத்தில், விசிறி ஓலையோடு ஒரு பனை வளர்கிறது. குமாவோன் பனை என்பார்கள். பெக்காரி என்ற இத்தாலியத் தாவரவியலாளர் 1905-இல் அதைத் தனி இனமாக எழுதிவைத்தார். மேகாலயாவின் காசி மலைகளில் அதன் தங்கை ஒருத்தி உண்டு. அவளுக்கு இவ்வளவு குளிர் ஆகாது.

உலகம் முழுக்கத் தோட்டங்களில் பரவியது இவர்களின் சீன உறவுக்காரர், சூசான் பனை. 1849-இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனத் தேயிலைக் கன்றுகளை நைசாக இமயமலைக்குக் கடத்திவந்தாரே, அதே ஆசாமிதான். 1851-இல் விக்டோரியா ராணியின் பிறந்தநாளன்று ஐல் ஆஃப் வைட் தீவின் ஆஸ்போர்ன் மாளிகைத் தோட்டத்தில் ஒரு கன்று நட்டார்கள். வேரூன்றிய மரம் மைனஸ் 15 டிகிரி வரை கொஞ்ச நேரம் தாங்கும். அடிமரத்தைச் சுற்றிப் பழுப்பு நார் அடர்ந்திருக்கும். சீனாவிலும் ஜப்பானிலும் அந்த நாரில் மழைக்கோட்டு பின்னியிருக்கிறார்கள். மரம் தனக்காக வளர்த்ததை மனிதன் உரித்து மாட்டிக்கொண்டான்.

கே: ஊட்டியில் தென்னை வைக்கலாமா?
வாசகர், திருப்பூர்

ப: தாராளமாக. தேங்காயை மட்டும் மேட்டுப்பாளையத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: விளையாடாமல் சொல்லுங்கள் சார். ஊட்டியில் வீடு கட்டியிருக்கிறேன். வாசலில் ஒரு பனை நிற்க வேண்டும் என்று ஆசை. எதை வைப்பது?
வாசகர், ஊட்டி

ப: எதை என்பதற்கு முன்னால் எங்கே என்று கேளுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேகமில்லாத, காற்றடிக்காத இரவில் அது சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவில் விடியற்காலை புல்வெளி வெள்ளைவெளேரென்று கிடக்கும்போது, கொஞ்சம் மேலே சரிவில் குடியிருப்பவர் ஒன்றும் நடக்காதது மாதிரி காப்பி ஆற்றிக்கொண்டிருப்பார். ஆகவே பள்ளத்தில் நடாதீர்கள். காலை வெயில் முதல் ஆளாக வந்து விழுகிற கிழக்கு மூலையும் வேண்டாம். உறைந்த இலை மெல்ல இளகினால் பிழைக்கும், சட்டென்று சூடேறினால்தான் கருகும். பெரிய மரத்தின் நிழலோரம், வீட்டுச் சுவரோரம் நல்லது. முதல் இரண்டு குளிர்காலம் கன்றை மூடிவையுங்கள். தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடுகிறார்களே, அந்த வைத்தியம் பனைக்கும் ஒத்துவரும்.

இனி எதை. சூசான் பனை நிச்சயம் பிழைக்கும். ஊட்டியின் உறைபனி அதற்குச் சும்மா. ஆனால் எனக்கு வேறொரு ஆசை உண்டு. குளிரைத் தாங்குவது வேறு, குளிரை விரும்புவது வேறு. சூசான் பனை தாங்குகிற கட்சி. கோடையில் கொஞ்சம் வெயில் கிடைத்தால் வேகமாக வளரும், இல்லாவிட்டால் முனகிக்கொண்டே வளரும். விரும்புகிற கட்சியைப் பார்க்க கொலம்பியாவுக்குப் போக வேண்டும். அங்கே ஆண்டிஸ் மலையில் 2000 முதல் 3000 மீட்டர் உயரத்தில் மெழுகுப் பனை நிற்கிறது. உலகத்திலேயே உயரமான பனை அதுதான், 60 மீட்டர் வரை போகும். அந்த நாட்டின் தேசிய மரம். பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், மலைமேல், வருஷம் முழுக்க ஒரே மாதிரி இளங்குளிர், மூடுபனி. நீலகிரி மாதிரியே இருக்கிறதல்லவா? கடுமையான உறைபனி விழாத குன்னூர்ச் சரிவுகளில் அதை முயன்று பார்க்கலாம் என்பது என் கட்சி. ஒரே நிபந்தனை: பொறுமை. தண்டு தரைக்கு மேலே தலைகாட்டவே பல வருஷம் எடுத்துக்கொள்ளும்.

கே: சேட்டா, எங்கள் பள்ளியில் குருத்தோலை ஞாயிறுக்குத் தென்னங்குருத்து கொடுப்பார்கள். பனையே இல்லாத குளிர்நாட்டில் என்ன செய்வார்கள்?
வாசகி, இடக்கொச்சி

ப: நம் ஊர்க்காரர் கேட்டால் பதில் நீளும். போலந்து, ரஷ்யா பக்கம் பூமொட்டு விட்ட வில்லோக் கிளையைப் பிடித்துக்கொண்டு போவார்கள். இத்தாலியில் ஒலிவக் கிளை சகஜம். ஸ்பெயினில் எல்சே என்ற ஊரில் நிஜமான பனையே உண்டு. அரபியர் காலத்துப் பேரீச்சந்தோப்பு, இரண்டு லட்சம் மரம், 2000-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கே குருத்தோலைகளைச் சேர்த்துக் கட்டி வெயில் படாமல் மூடிவைப்பார்கள். பச்சை ஏறாமல் ஓலை வெளிர் மஞ்சளாகவே நீளும். அதைப் பின்னிப் பின்னிப் பூவும் குருசுமாகச் செய்வது அந்த ஊரில் ஒரு தொழில்.

கொலம்பியாவில் கதை வேறு. மேலே சொன்ன மெழுகுப் பனையின் குருத்தைத்தான் பவனிக்கு வெட்டினார்கள். அந்த மரத்தில்தான் மஞ்சள்காதுக் கிளி கூடு கட்டும். வருஷா வருஷம் வெட்டியதில் மரமும் குறைந்தது, கிளியும் அழிவின் விளிம்புக்குப் போனது. பிறகு வேறு ஓலை பிடியுங்கள் என்று திருச்சபையும் சேர்ந்து சொல்ல வேண்டியதாயிற்று. நம் தென்னைக்கு அந்த ஆபத்தில்லை. ஒரு பாளை குறையுமே என்று மரத்துக்காரர் முணுமுணுப்பதோடு சரி.

கே: குளிர் பனையை எப்படிக் கொல்கிறது? இலை பச்சையாக இருந்தும் செத்துப்போகிறதே!
வாசகர், கொடைக்கானல்

ப: இலையைப் பார்க்காதீர்கள், குருத்தைப் பாருங்கள். மா, பலாவுக்கு ஒரு கிளை போனால் இன்னொரு கிளை. பனைக்கு உயிர்முனை ஒன்றே ஒன்று, உச்சியில், ஓலைகளின் நடுவே. அதன் மேலே விரியாத இளங்குருத்து ஈட்டி மாதிரி நிற்கும். மழைத்தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி, இரவில் உறைந்து, இளந்திசுவைக் கிழிக்கிறது. அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு மூன்று வாரத்தில் பூஞ்சை புகுந்து அழுகவைக்கும். பழைய ஓலைகள் மட்டும் மாதக்கணக்கில் பச்சையாக நின்று உங்களை ஏமாற்றும்.

சோதனை எளிது. நடுக்குருத்தை இரண்டு விரலால் பிடித்து லேசாக மேலே இழுங்கள். அசையவில்லையென்றால் நிம்மதி. வழுக்கிக்கொண்டு கையோடு வந்தால் அதன் அடியை முகர்ந்து பாருங்கள். பழுப்பு நிறம், கெட்ட வாடை, கொழகொழப்பு. உடனே மரத்தை வெட்டிவிடாதீர்கள். அழுகலைச் சுரண்டி எடுத்து, காப்பர் ஆக்ஸிகுளோரைடு கரைசலைக் குழிக்குள் ஊற்றி, மழை இறங்காமல் மேலே மறைப்புக் கட்டுங்கள். உயிர்முனை தப்பியிருந்தால் கோடையில் முறுக்கிக்கொண்டு ஓர் அரைகுறை ஓலை வரும். அசிங்கமாகத்தான் இருக்கும். அதற்கடுத்தது நேராக வரும்.

இதனால்தான் உலர்ந்த குளிரைவிட ஈரக் குளிர் பொல்லாதது. பலூசிஸ்தான், ஆப்கானிஸ்தான் மலைகளில் மஸ்ரி என்றொரு குட்டைப் பனை. அந்த ஊர்ப் பாயும் கூடையும் அதில்தான். மைனஸ் 10-ஐ அலட்சியமாகத் தாண்டும். அதையே கொண்டுவந்து கொடைக்கானல் மழையில் நட்டால் அழுகிப்போகும். தெர்மாமீட்டரை மட்டும் பார்த்துப் பனை வாங்குகிறவர் பாதிக் கணக்குத்தான் போட்டிருக்கிறார்.

கே: யாழ்ப்பாணத்துப் பனையை லண்டனில் வளர்க்க ஏலுமா ஐயா? ஒரு மரமாவது வீட்டுக்குப் பின்னால் நிண்டால் மனசுக்கு ஆறுதல்.
வாசகர், ஹாரோ

ப: ஏலாது. உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பனங்கொட்டை முளைத்ததும் முதல் வேலையாகக் கிழங்கைக் கீழே இறக்கும். தொட்டியின் அடியை முட்டி மடங்கும். ஹீட்டர் போட்ட அறையில் ஒற்றை ஓலையோடு சில வருஷம் நிற்கும், அவ்வளவுதான். கிழங்கு திரண்ட கட்டத்தில் அவித்துத் தின்றுவிடுவது இரண்டு பேருக்கும் மரியாதை.

பின்வளவில் விசிறி ஓலை அசைய வேண்டும் என்றால் சூசான் பனை நடுங்கள். லண்டனில் அதற்கு ஒரு குறையும் வராது. காற்று நேராக அடித்து ஓலையைக் கிழிக்காத மூலை போதும். தோட்டக் கடையில் ஒரு எச்சரிக்கை. 'டார்பே பனை' என்று வாள் மாதிரி இலையோடு ஒன்றை நீட்டுவார்கள். அது நியூசிலாந்துக் கார்டிலைன். பனைக் குடும்பமே இல்லை. ஸ்காட்லாந்தின் ப்ளாக்டன் கிராமத்தில் கடலோரம் 'பனைமரம்' வரிசையாக நிற்பதாகப் படம் போடுவார்களே, அதுவும் இதுதான். அட்லாண்டிக் வெந்நீரோட்டத்தின் புண்ணியத்தில் அந்த ஓரம் அவ்வளவு உறைவதில்லை.

வாழையும் வேண்டுமென்றால் ஜப்பான் வாழை என்று விற்பதை வாங்குங்கள். பிறந்த வீடு சீனா. 17-ஆம் நூற்றாண்டில் ஹைக்கூ பாஷோவின் குடிசை வாசலில் சீடர் நட்டுக் கொடுத்தது இந்த வாழைதான். கவிஞர் தன் பெயரையே அதிலிருந்து எடுத்துக்கொண்டார். முதல் உறைபனியில் இலையெல்லாம் கறுத்துத் தொங்கும். பதற வேண்டாம். இலையை வெட்டி, தண்டை இடுப்பளவுக்கு விட்டு, சுற்றிக் கம்பிவலை அடித்து, உள்ளே காய்ந்த வைக்கோலை அமுக்கி, மேலே மழை இறங்காமல் தகடு போடுங்கள். ஏப்ரலில் பிரித்தால் பச்சைக் குழல் எட்டிப்பார்க்கும். பழம் வந்தாலும் உள்ளே முழுக்கக் கொட்டை. சமையலுக்கு இலை வெட்டிக்கொள்ளலாம், விருந்தாளி அசந்துபோவார்.

கே: ஸ்கார்பரோவில் வெளியே எந்தப் பனை நிற்கும்?
வாசகி, டொரொண்டோ

ப: பிளாஸ்டிக் பனை. வான்கூவரில் இங்லிஷ் பே கடற்கரையில் சூசான் பனை நிற்கிறது, கனடா என்றால் எல்லாம் ஒன்றல்ல. உங்கள் பக்கம் மைனஸ் 20 இரவுகள், உறைந்த மண். அமெரிக்கத் தென்கிழக்கின் ஊசிப்பனை அவ்வளவு தூரம் தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் தாங்கிய பிறகு உடம்பைத் தேற்ற நீண்ட வெக்கைக் கோடை கேட்கும். தொட்டியில் சூசான் பனை வளர்த்து, அக்டோபர் கடைசியில் கராஜுக்குள் தள்ளுங்கள். தரையைவிடத் தொட்டி சீக்கிரம் உறையும், வேர் நாலாபுறமும் குளிரில் கிடக்கிறதல்லவா? உறையாமல் பூஜ்யத்துக்கு மேலே நாலைந்து டிகிரி இருந்தால் போதும். தண்ணீர் மாதம் ஒரு கையளவு.

கறிவேப்பிலையைக் கேட்காமல் விட்டுவிட்டீர்கள், ஆனால் கேட்பீர்கள். அது கராஜ் ஆசாமி இல்லை. 10 டிகிரிக்குக் கீழே போனாலே இலையை உதிர்த்துக் கோபித்துக்கொள்ளும். தெற்கு ஜன்னல், குறைந்த தண்ணீர். உதிர்ந்துவிட்டதே என்று உரம் போடுவதுதான் பாதிப் பேர் அதைக் கொல்கிற வழி.

கே: எனக்கு அந்தச் சூசான் பனை வேண்டும். இடக்கொச்சியில் வளருமா?
வாசகர், இடக்கொச்சி

ப: ஃப்ரிட்ஜ் எவ்வளவு பெரியது? இங்கே டிசம்பர் விடியலில் 23 டிகிரி வந்தால் குல்லாய் எடுக்கிறோம். அந்த மரத்துக்கு இரவில் குளிர வேண்டும். இங்கே நட்டால் சாகாமல், வளராமல், ஓலை நுனி கருகி நிற்கும். ஊட்டிக்காரர் கனவில்கூட வைக்க முடியாததை நாம் வைக்கலாமே! செந்தண்டுப் பனையைப் பாருங்கள், லிப்ஸ்டிக் பாம் என்று நர்சரிகளில் விற்பது. மலேயா, போர்னியோ பக்கத்துச் சதுப்புக்காரி. ஜூன் ஜூலையில் முற்றத்தில் தண்ணீர் தேங்கி எல்லாச் செடியும் அழுகும்போது, அவள் மட்டும் மட்டையை இன்னும் சிவப்பாக்கிக்கொண்டு நிற்பாள். காயலின் உப்பு வேருக்கு ஏறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பனை வைத்தாலும் சிவப்புக் கூன்வண்டை மறக்காதீர்கள். தண்டில் சின்ன ஓட்டை, அதிலிருந்து பழுப்புச் சாறு, மரத்தில் காதை வைத்தால் உள்ளே கறுக் கறுக் என்று மெல்லும் சத்தம். காண்டாமிருக வண்டு குடைந்த காயத்தில் இது முட்டையிடும். அதனால் குருத்தையொட்டிய மட்டை இடுக்குகளில் வேப்பம்பிண்ணாக்குத் தூளும் மணலும் சம அளவு கலந்து போட்டுவிடுங்கள். இந்தக் கூன்வண்டு நம் தெற்காசிய மண்ணின் மைந்தன். 1990-களில் அலங்காரப் பனைகளோடு கப்பலேறி ஸ்பெயினில் இறங்கியது. மத்தியதரைக் கடலோரம் கேனரிப் பேரீச்சைகள் குடை சரிந்து விழுந்ததெல்லாம் அதன் கைங்கரியம். மேலே சொன்ன எல்சே தோப்பையும் விட்டுவைக்கவில்லை.

கே: வெளிநாட்டுச் செடி, வெளிநாட்டுச் செடி என்று அடுக்குகிறீரே, நீலகிரி ஏற்கெனவே பட்டது போதாதா?
வாசகர், கூடலூர்

ப: சரியான அடி. சீகை மரம், ஸ்காட்ச் புரூம், உண்ணிச்செடி எல்லாமே 'அழகாக இருக்கிறது, உபயோகமாக இருக்கிறது' என்று அழைத்துவரப்பட்ட விருந்தாளிகள்தான். இன்றைக்குச் சோலைப் புல்வெளியை அவை விழுங்கிக் கிடக்கின்றன. அகற்றச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு மேல் உத்தரவு போடுகிறது. சூசான் பனையும் சாது இல்லை. சுவிட்சர்லாந்தின் தெற்கே டிசினோ மாநிலக் காடுகளில் பறவைகள் விதையைப் பரப்பி, அடிக்காடெல்லாம் பனங்கன்று. 2024 செப்டம்பரிலிருந்து அந்த நாட்டில் அதை விற்கவே தடை.

ஆகவே ஊட்டி வாசகருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தப் பனையில் ஆண் வேறு, பெண் வேறு. பூக்கும்வரை எது எதுவென்று தெரியாது. மஞ்சள் பாளை வெளியே வந்ததும், காய் பிடிக்கும் முன், வெட்டிவிடுங்கள். ஏணி வைத்து ஏற மாட்டேன் என்பவர் நடவே வேண்டாம். சோலைக்காட்டை ஒட்டிய எஸ்டேட்காரர் ஏணி இருந்தாலும் நட வேண்டாம்.

நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே வரைக்கமுகு என்றொரு பனை உண்டு. அகத்தியமலை பக்கம் பாறைச் செங்குத்தில், யானைக்கு எட்டாத இடமாகப் பார்த்து நிற்கும். எட்டுகிற இடத்தில் நின்றதையெல்லாம் யானை தின்றுவிட்டது. இடைமலைக் குளிருக்கு அருமையான மரம். காட்டிலிருந்து பிடுங்கி வந்த கன்றை மட்டும் தொடாதீர்கள். வாழை ஜாதியில் கல்வாழை இருக்கிறது. கோடையில் தானே இலை உதிர்த்துக் கிழங்காகப் படுத்துக்கொண்டு, மழையில் எழுந்துவரும். குளிர்காலத்தில் வைக்கோல் சுற்றச் சொல்லி அது யாரையும் கேட்பதில்லை.

கே: உலகத்திலேயே பழைய தொட்டிச் செடி… மன்னிக்கவும், பழைய தோட்டப் பனை எது?
மாணவி, நுவரெலியா

ப: இத்தாலியின் பாதுவா தாவரவியல் பூங்காவில் 1585-இல் நட்ட குட்டைப் பனை ஒன்று இன்றும் இருக்கிறது. 1786-இல் ஜெர்மன் கவிஞர் கதே அதைப் பார்த்துவிட்டுத் தாவரங்களின் உருமாற்றம் பற்றி யோசிக்க ஆரம்பித்தார். அதிலிருந்து மரத்துக்குக் 'கதே பனை' என்று பெயர். நட்டவர் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை, பார்க்க வந்தவர் பெயர் ஒட்டிக்கொண்டது. இட்டி அச்சுதனுக்கு இது ஆச்சரியமாக இருந்திருக்காது.

கே: ஆன்லைனில் 'நீலப் பனை விதை, 20 எண்ணம் 99 ரூபாய்' என்று வருகிறது. வாங்கலாமா?
வாசகர், ஏற்காடு

ப: அதே கடையில் நீல ரோஜா விதையும் இருக்குமே? பனை விதை பழசானால் முளைக்காது. புதுசாகவே இருந்தாலும் சூசான் பனைக்கு ஈரப் பாசியில் சுற்றி, 20, 25 டிகிரி சூட்டில் வைத்து, ஒன்றிரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். வந்ததும் விசிறி வராது. முதல் சில வருஷம் கோரைப்புல் மாதிரிதான். பலர் களை என்று பிடுங்கிவிடுகிறார்கள்.

கே: அப்படியானால் நர்சரியில் கன்றாகவே வாங்குகிறேன். எதைப் பார்த்து எடுப்பது?
அதே வாசகர், ஏற்காடு

ப: குருத்து உறுதியாக இருக்கிறதா, மட்டைக்கு அடியில் செதில்பூச்சி அப்பியிருக்கிறதா, தண்டின் கழுத்து மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பையை லேசாகத் தூக்குங்கள். தூக்க வரவில்லையென்றால் வேர் பையைக் கிழித்து நர்சரித் தரையில் இறங்கிவிட்டது. கடைக்காரர் ஒரே இழுப்பில் பிடுங்கித் தருவார், வேர் அறுந்து அங்கேயே கிடக்கும். பக்கத்துப் பையைத் தூக்குங்கள்.